செக் லைட் எரிந்தால் யாரைக் கூப்பிடுவது: ஷோரூமா, ஊர் எலக்ட்ரீசியனா, நாமே பார்ப்பதா?

போன மார்கழியில் ஒரு நாள் காலை. ஆத்தூருக்கும் தலைவாசலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் காட்டில் மரவள்ளி பிடுங்கி, ட்ரெய்லர் நிறைய ஏற்றியாகிவிட்டது. ஆலைக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. டிராக்டர் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் மஞ்சள் செக் லைட் எரிந்தது, அணையவே இல்லை. வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் எவ்வளவு மிதித்தாலும் ரைஸ் (எஞ்சின் வேகம்) ஏறவில்லை, சின்ன மேட்டில்கூட லோடோடு திணறியது. அரை மணி நேரம் ஓடிய பிறகும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தது.

மரவள்ளி போடுகிறவர்களுக்குத் தெரியும், கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அதற்கப்புறம் நேரம் நம் கையில் இல்லை. இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலமாகக் கோடு விழ ஆரம்பிக்கும், மாவுச்சத்து இறங்கும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். ஆக, வண்டி நின்ற ஒவ்வொரு மணி நேரமும் கிழங்கின் கணக்கில் கழியும்.

ஷோரூமுக்குப் போன் செய்தேன். "சென்சார் போயிருக்குங்க, நாளைக்கு ஆள் அனுப்பறோம்" என்றார்கள். ஊர் எலக்ட்ரீசியன் அண்ணன் "வண்டியைக் கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்றார். பக்கத்தில் நின்ற மச்சான், "மீட்டர் இருக்கில்ல, நாமளே பார்ப்போம் மாப்ள" என்றான். மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான்கு வருடத்தில் இந்த மூன்று வழியையும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டேன். எது எப்போது சரிப்படும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரைக் கூப்பிடுவது என்பதைக் கோளாறு எந்த ஜாதி என்று தெரிந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள வோல்ட்டும் ஓமும் (மின்தடை) அளக்கிற, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும். இதைச் செய்யாமல் சென்சார் வாங்கக் கிளம்புவது வீண் செலவு.

முதலில் உங்கள் வண்டி எந்தக் காலத்து வண்டி என்று பாருங்கள். 2023 ஜனவரி முதல் 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு ட்ரெம் 4 புகை விதி வந்தது. அதோடுதான் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் தரும் பொதுக் குழாய்) டீசல் பம்பும், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரும், அதற்குக் கண்ணும் காதுமாக இருக்கிற சென்சார் கூட்டமும் நம் காட்டுக்கு வந்து சேர்ந்தன. கூலன்ட் வெப்பம், ரெயில் அழுத்தம், கிராங்க் வேகம், ஆக்சிலரேட்டர் பெடல், டீசலில் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். இதில் ஒன்று சொல்வதை நம்ப முடியாமல் போனால், கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகச் சக்தியைக் குறைத்துவிடும். அன்று ரைஸ் ஏறாமல் போனதற்குக் காரணம் அதுதான். பம்பும் ஃபில்டரும் நன்றாகவே இருந்தன. பழைய வண்டிகளிலும் சின்ன டிராக்டர்களிலும் இந்தத் தொல்லை குறைவு. டேஷ்போர்டு மீட்டருக்குப் போகிற ஒற்றை ஒயர் சென்சார்தான் இருக்கும், கெட்டாலும் வண்டி ஓடும்.

கோட் சொல்வதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

பல புது வண்டிகளில் டேஷ்போர்டிலேயே பழுதுக் கோட் வரும். டிராக்டர், ஹார்வெஸ்டர், லாரி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஜே1939 என்ற முறை உண்டு. அதில் கோட் இரண்டு எண்களாக வரும். முதல் எண் எஸ்.பி.என்., எந்த இடம் என்று சொல்லும். 110 என்றால் கூலன்ட் வெப்பம், 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம், 157 என்றால் ரெயில் அழுத்தம், 97 என்றால் டீசலில் தண்ணீர், 91 என்றால் ஆக்சிலரேட்டர் பெடல். இரண்டாவது எண் எஃப்.எம்.ஐ., அங்கே என்ன வகைக் கோளாறு என்று சொல்லும்.

முடிவெடுக்க உதவுவது இந்த இரண்டாவது எண்தான். 0 அல்லது 1 வந்தால் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது, அது சொல்லும் சேதியே நிஜம். வெப்பம் நிஜமாகவே ஏறியிருக்கிறது, இல்லை ஆயில் அழுத்தம் நிஜமாகவே இறங்கியிருக்கிறது. அப்போது வண்டியை அணைத்துவிட்டு ரேடியேட்டரையும் ஃபேன் பெல்ட்டையும் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். சென்சாரைத் திட்டிப் பயனில்லை. 3, 4, 5 வந்தால் மின்சாரப் பக்கத்துக் கோளாறு: ஒயர், கப்ளர் (ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் பிளக்), எர்த், அப்புறம் கடைசியாக சென்சார். 2 வந்தால் ஆட்டம். விட்டு விட்டு வரும் லூஸ் கனெக்‌ஷன் பெரும்பாலும் இங்கேதான் பெயர் கொடுக்கும்.

அன்று எங்களுக்கு வந்தது 110, 3. மூன்று என்றால் வோல்டேஜ் வழக்கத்தைவிட அதிகம் என்று பொருள். மச்சான் பயந்துவிட்டான், ஆல்டர்னேட்டர் அதிகமாகச் சார்ஜ் ஏற்றுகிறதோ என்று. அப்படி இல்லை. கம்ப்யூட்டர் ஐந்து வோல்ட்டை ஒரு ஒயரில் அனுப்புகிறது. சென்சார் வழியாக எர்த்துக்குப் போகும்போது அது இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்குப் போடுகிறது. வழியில் எங்காவது அறுந்துவிட்டால் அந்த ஐந்து வோல்ட் இறங்கவே இடமில்லாமல் முழுசாக நிற்கும். கம்ப்யூட்டர் அதை "அதிகம்" என்று எழுதிக்கொள்ளும். ஆகவே இந்த மாதிரி சென்சாரில் 3 வந்தால் அறுந்த ஒயரையும், 4 வந்தால் பாடியில் உரசி ஷார்ட் ஆன ஒயரையும் தேடுவேன்.

கப்ளருக்குள் என்ன இருந்தது

சாவியை அணைத்துவிட்டு சென்சார் கப்ளரைக் கழற்றினோம். கூலன்ட் சென்சாருக்கு இரண்டே ஒயர். மறுபடி சாவியை ஆன் செய்து, ஒயர் பக்கத்துக் கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். ஐந்து வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யம். ஐந்து காட்டியிருந்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சார்மேல்தான் சந்தேகம் என்று அப்போதே முடிவு தெரிந்திருக்கும்.

அடுத்து, கருப்புக் கம்பியை பேட்டரி நெகட்டிவில் வைத்துவிட்டு, சிவப்புக் கம்பியால் ஒவ்வொரு பின்னையும் தொட்டேன். ஒன்றில் 4.98 வந்தது. இன்னொன்றில் ஒன்றுமில்லை. அப்படியானால் வருகிற வழி சரி, திரும்புகிற வழிதான் அறுந்திருக்கிறது. செல்போன் டார்ச்சைப் பிடித்துக் கப்ளருக்குள் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு பித்தளைப் பின்களில் ஒன்று மற்றதைவிட ஒரு நகத்தின் தடிமன் அளவுக்குப் பின்னால் போயிருந்தது. சென்சாரின் ஊசி அதைத் தொடவே இல்லை. பின்பக்கத்திலிருந்து ஒயரைப் பிடித்து மெதுவாகத் தள்ளினேன், டிக் என்று லாக் விழுந்தது. கப்ளரை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். பத்து நிமிடத்தில் முள் மெல்ல எழுந்தது, ரைஸும் திரும்பி வந்துவிட்டது. மதியத்துக்குள் கிழங்கு ஆலை வாசலில் நின்றது.

இதில் மனதை உறுத்தியது வேறொன்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே கோளாறுக்கு ஒரு புது சென்சார் போட்டிருந்தோம். போட்டதும் சரியாகிவிட்டது. உண்மையில் சென்சார் மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டியதில் அந்தப் பின் தற்காலிகமாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் சென்சார்தான் போச்சு என்று நம்பிவிட்டோம். கழற்றிய பழைய சென்சாரை அன்று சாயங்காலமே சோதித்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது அதுதான் என் ஸ்பேர்.

மூன்று வழிகளும்

நாமே பார்ப்பதில் பெரிய லாபம் நேரம். காட்டிலேயே பார்த்துவிடலாம், கிழங்கு காத்திருக்காது என்ற பதற்றம் பாதியாகிவிடும். கப்ளரில் பச்சை பூத்திருப்பது, பின் தள்ளிப்போயிருப்பது, எலி கடித்த ஒயர், பேட்டரிக் கட்டையில் வெள்ளை பூத்தது, எர்த் போல்ட் துருப்பிடித்தது, டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியது: இவ்வளவுக்கும் வேறு ஆள் வேண்டாம். 97 வந்தால் முதலில் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் பாருங்கள்.

ஆனால் எல்லை தெரிய வேண்டும். இரண்டு ஒயர் வெப்ப சென்சாரின் கப்ளரில் ஒரு துண்டுக் கம்பியால் இரண்டு பின்னையும் இணைத்துப் பார்ப்பது நல்ல சோதனைதான், முள் உச்சிக்கு ஏறினால் ஒயரிங் சரி. அதே வேலையை மூன்று ஒயர் சென்சாரில் செய்யக் கூடாது, கம்ப்யூட்டரின் ஐந்து வோல்ட் சப்ளையையே ஷார்ட் செய்துவிடுவீர்கள். அந்த சப்ளையைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற சென்சார்களும் சேர்ந்து செத்ததுபோல் கோட் கொட்டும். 157 வந்தால் கையே வைக்காதீர்கள். ரெயிலில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கும். நட்டைத் தளர்த்திப் பார்க்கிறேன் என்று பழைய பம்பு வண்டிப் பழக்கத்தில் இறங்கினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கை விரலையே இழக்க வைக்கிற காயம் அது.

ஊர் எலக்ட்ரீசியன் விஷயத்தில் ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம். நல்லவர் கிடைத்தால் அவரைப் போல வேறு யாரும் இல்லை. ஒயரிங்கை டேஷ்போர்டிலிருந்து எஞ்சின் வரை நூல் பிடித்துப் போகிற பொறுமை ஷோரூம் பையன்களுக்கு இருக்காது, அவர்களுக்கு அன்றைக்கு இன்னும் நான்கு வண்டி காத்திருக்கும். எங்கள் அண்ணன் ஒருமுறை பேட்டரிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருந்த எர்த் கேபிளின் உள்ளே மட்டும் அரித்துப்போயிருந்ததைக் கண்டுபிடித்தார். வெளியே பார்த்தால் புத்தம் புதுசாக இருந்தது.

ஆளை எப்படித் தேர்வது? வந்ததும் அவர் கையில் எதை எடுக்கிறார் என்று பாருங்கள். மல்டிமீட்டர் எடுத்தால் உட்கார வைத்து டீ கொடுங்கள். டெஸ்ட் லேம்ப் எடுத்தால் நிறுத்துங்கள். பழைய வண்டிக்கு அந்த பல்பு போதும். சென்சார் ஒயரில் அது இழுக்கும் கரண்ட் கம்ப்யூட்டரையே பதம் பார்த்துவிடும். ஊசியால் ஒயரின் தோலைக் குத்திப் பார்ப்பவரையும் தடுத்துவிடுங்கள், அந்த ஓட்டை வழியாக மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும். ஒட்டுப் போடும்போது முறுக்கி டேப் சுற்றினால் போதாது. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி அவிழ்ந்துவிடும். ஈயம் பற்றவைத்து, சுருங்கும் ஸ்லீவ் போட்டு, ஆடாமல் கட்ட வேண்டும். இதைக் கேட்டுச் செய்யச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

ஷோரூமுக்குப் போக மூன்று காரணங்கள் போதும் என்பேன். வாரன்டி இருப்பது முதல் காரணம். வாரன்டி காலத்தில் கப்ளரைக் கழற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டால் பிறகு நம்மைத்தான் கை காட்டுவார்கள். இரண்டாவது, ரெயில் அழுத்தம், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட கோட். மூன்றாவது, மாற்றிய பிறகு லேப்டாப்பில் பதிவு செய்ய வேண்டிய பாகங்கள். இன்ஜெக்டர் மாற்றினால் அதன்மேல் உள்ள எண்ணைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் வண்டிகள் உண்டு. இதற்கெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர் இல்லாமல் முடியாது. கார்களுக்கு விற்கிற சின்ன ஸ்கேனர் பல டிராக்டர்களோடு பேசவே பேசாது, வாங்கும் முன் உங்கள் வண்டியில் ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஷோரூமின் குறை, போனிலேயே "சென்சார்" என்று முடிவு கட்டிவிடுவது. அங்கே போன் எடுக்கிறவரைக் குறை சொல்ல முடியாது, நாம் "செக் லைட் எரியுது" என்று மட்டும் சொன்னால் அவர் வேறு என்ன சொல்வார்? "110, 3 வருது, கப்ளரில் ஐந்து வோல்ட் வருது, சென்சார் ஓம் காட்டலை" என்று சொல்லிப் பாருங்கள். வருகிற ஆள் சரியான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார், இரண்டாவது நடை மிச்சம்.

ஒரிஜினலா, வெளி சாமானா?

சென்சார்தான் போயிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் இந்தக் கேள்வி. எஞ்சின் சென்சாருக்கு ஒரிஜினலையே வாங்குங்கள். மலிவு சாமானில் மரை பொருந்தும், கப்ளரும் பொருந்தும், ஆனால் வெப்பத்துக்கு ஏற்ப ஓம் மாறுகிற கணக்கு பொருந்தாமல் போகலாம். அப்போது எஞ்சின் கொதித்தாலும் முள் நடுவிலேயே நிற்கும், எச்சரிக்கையே வராது. எதை வாங்கினாலும் மாட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் நுனியை மட்டும் முக்கி, மீட்டரை ஓமில் வைத்துச் சுட வையுங்கள். பல வண்டிகளில் வரும் வகை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். சூடு ஏற ஏற ஓம் சீராக இறங்க வேண்டும். நடுவில் குதித்தாலோ நின்றாலோ அது வேண்டாம். பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்த சென்சாரையும் இந்தப் பாத்திரத்தில் போட்ட பிறகுதான் நம்புவேன்.

ஹார்வெஸ்டரில் கதை தலைகீழ். மக்காச்சோளம் அறுக்கும்போது, சோளத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர் அடைத்தால் அலாரம் அடிக்க, சுழலும் இரும்புத் தண்டின் சுற்றை எண்ணுகிற ப்ராக்ஸிமிட்டி சென்சார் (இரும்பு அருகில் வந்தால் உணர்வது) பல மிஷின்களில் இருக்கும். இது ஆலைகளில் எல்லாம் ஓடுகிற பொதுச் சாமான். பழுப்பு ஒயர் ப்ளஸ், நீலம் மைனஸ், கருப்பு சிக்னல். பின்னால் ஒரு சின்ன லைட் இருக்கும். ஸ்பானரை முகப்புக்கு அருகில் கொண்டுபோனால் லைட் மாறினால் அதற்கு உயிர் இருக்கிறது. பக்கத்துக் காட்டு மிஷினில் அலாரம் விடாமல் அடித்தபோது இப்படிப் பார்த்தோம், லைட் நன்றாக எரிந்தது. அதிர்வில் நட்டு தளர்ந்து, சென்சாருக்கும் சுற்றும் போல்ட் தலைக்கும் நடுவில் இடைவெளி ஒரு விரல் அகலம் ஆகியிருந்தது. அதைச் சில மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து இறுக்கியதும் அடங்கிவிட்டது. நிஜமாகவே கெட்டிருந்தால் ஒரிஜினலுக்கு அலைய வேண்டாம். பி.என்.பி.யா என்.பி.என்.னா (சிக்னலில் ப்ளஸ் தருவதா, மைனஸ் தருவதா), வோல்டேஜ், குழாயின் விட்டம், எட்டும் தூரம், சும்மா இருக்கும்போது திறந்ததா மூடியதா என்ற ஐந்தும் ஒத்துப்போனால் சேலத்தில் ஆலைச் சாமான் விற்கும் எலக்ட்ரிக்கல் கடைச் சரக்கே போதும். இங்கே வெளி சாமான் எனக்கு ஒருபடி மேல், ஏனென்றால் அன்றைக்கே கையில் கிடைக்கும்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிற நண்பருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஆள் வர வேண்டும், வரும்போது பாகம் இல்லை என்றால் அன்றைய நாள் போச்சு. அவருடையது சின்ன டிராக்டர், ஒற்றை ஒயர் சென்சார்கள். அங்கே பகை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் காலை மூடுபனியில் டேஷ்போர்டு மீட்டர் கண்டபடி ஆடும், பதினொரு மணி வெயிலில் தானாகச் சரியாகிவிடும். சர்வீஸ் ஆள் வந்து சேரும்போது வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். இப்படி வந்து போகிற கோளாறுக்கு ஆளைக் கூப்பிடுவதே வீண். கோளாறு இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு கப்ளராக ஆட்டிப் பார்த்து, மீட்டர் எதற்குத் துள்ளுகிறதோ அதைக் கழற்றி, கான்டாக்ட் க்ளீனர் அடித்துக் காயவைத்து மாட்ட வேண்டும். இன்னொன்று: ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் போகிறது. கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி மாட்டினால் எர்த்தே அறுந்துவிடும். அவர் அப்படித்தான் ஒரு புது சென்சாரைக் கெட்டது என்று ஓரமாக வைத்திருந்தார். கொதிநீர் சோதனை செய்தால் மலைமேல் இதையும் கவனியுங்கள்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஓம் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும்.

பைபாஸ் செய்து ஓட்டலாமா என்றும் கேட்பார்கள். ஆயில் அழுத்தம், கூலன்ட் வெப்பம், க்ளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் சுவிட்ச், சீட் சுவிட்ச், இவற்றில் வேண்டவே வேண்டாம். அவசரம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு வண்டி கிடைக்கிறதா என்று உழவன் செயலியில் பார்க்கலாம், இல்லை பங்காளி வண்டியைக் கேட்டு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு போகலாம். ட்ரெய்லர் கொக்கிக்கு வெல்டிங் வைக்கும்போதும் பேட்டரியைக் கழற்றாமல் வைக்க விடாதீர்கள்.

இப்போது டூல்ஸ் பெட்டியில் மீட்டரோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் கிடக்கிறது. வண்டி நன்றாக ஓடுகிற நாளில் ஒவ்வொரு சென்சாரையும் அளந்து அதில் எழுதி வைத்திருக்கிறேன், கெட்ட நாளில் ஒப்பிட்டுப் பார்க்க. முதல் வரி: கூலன்ட், காலைக் குளிரில் 2,300 ஓம், ஒரு மணி நேரம் உழுத பிறகு 290.